ஸ்பிரிங் அண்ணன் கேட்ட ஸ்டூல்

அந்தச் செருப்புக் கடையில் ஒரே சட்டம்தான். உட்கார்ந்திருப்பவர் வாடிக்கையாளர், அவர் காலடியில் குந்தியிருப்பவர் ஊழியர். குந்தி எழுந்து, குந்தி எழுந்தே ஐம்பதைத் தாண்டியவருக்கு ஸ்பிரிங் அண்ணன் என்று பெயர் வைத்ததும் கடைதான்.

ஒருநாள் குந்திய ஸ்பிரிங் எழவில்லை. தொடைக்குப் பின்னால் சுளீரென்று இழுத்தது. எதிரே உட்கார்ந்திருந்தவரின் குதிகாலைப் பிடித்த கை விடாமல், குந்தியபடியே ஜோடி ஜோடியாக வரவழைத்துக் காட்டினார். இவ்வளவு பணிவைப் பார்த்துக் கூசிப்போன வாடிக்கையாளர் மூன்று ஜோடி வாங்கிக்கொண்டு போனார். முதலாளிக்குப் பரம திருப்தி.

"தொடை பிடிச்சிருக்கு முதலாளி. ஒரு ஸ்டூல் போட்டுக்கிட்டா..."

"நடந்தா சரியாயிடும்."

வீட்டில் அதைவிட மோசம். "போன வாரம் முதுகு, இந்த வாரம் தொடையா? மொத்தமா பிடிச்சதும் சொல்லுங்க, சேர்த்துப் பாத்துக்கலாம்" என்றார் மனைவி.

டாக்டர்தான் காப்பாற்றினார். மாத்திரையால் அல்ல, ஒரு சொல்லால். ஹாம்ஸ்ட்ரிங். தொடையின் பின்புறமாக முழங்காலுக்கு இறங்கும் தசையும் தசைநாணும் என்று விளக்கினார். விளக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு, சொல்லை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார் அண்ணன்.

மனைவி உடனே தம்பிக்குப் போன் போட்டார். "உங்க மாமாவுக்கு ஹாம்ஸ்ட்ரிங்டா. ஆமா, கிரிக்கெட்காரங்களுக்கு வருமே, அதேதான்." கல்யாணமான நாளிலிருந்து மாமாவை மதிக்காத மச்சான், அன்று மாலையே பழத்தோடு வந்து, மாமாவின் காலை எட்ட நின்று பார்த்தான்.

முதலாளி மட்டும் லேசில் மசியவில்லை. அண்ணன் சொன்ன சொல்லைப் போனில் தேடிப் படித்தார். "இந்த வார்த்தைக்கு இங்கிலீஷ்ல, ஒருத்தன் தொழிலை முடக்கிப் போடுறதுன்னும் அர்த்தம் இருக்கு. பேரு சரியாத்தான் வச்சிருக்கான்." முனகிக்கொண்டே, கிடங்கிலிருந்து ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார். "கூட்டம் இல்லாதப்ப மட்டும்."

மறுநாள் மதியம், கடை காலி. அண்ணன் வாசலுக்கு முதுகைக் காட்டி, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்த முதலாளியின் கண்ணில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் பட்டார். பல வருஷப் பழக்கம். மனிதர்களைக் காலிலிருந்து மேலேதான் பார்ப்பார். சடாரென்று முன்னால் வந்து குந்தி, குதிகாலைப் பிடித்தார்.

"வாங்க சார், என்ன மாதிரி பாக்கறீங்க?"

"நான்தான், முதலாளி."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். எழப் பார்த்தார். முகம் கோணியது.

"எங்க இழுக்குது? தொடைக்குப் பின்னாடியா?"

"ஆமாடா. தூக்கி விடு."

"நடந்தா சரியாயிடும் முதலாளி" என்றபடியே அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, தன் ஸ்டூலிலேயே உட்கார வைத்தார் அண்ணன்.

இப்போது கடையில் இரண்டு ஸ்டூல். முதலாளியுடையதில் மெத்தை உண்டு. இருவருக்கும் ஒரே வியாதி என்று மட்டும் முதலாளியிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. "அவனுக்கு வலது காலு. எனக்கு இடது."