வெள்ளைக் குருமாவுல அரைத் துண்டு பீட்ரூட்

தேவையான அளவுன்னா எத்தனைங்க? இந்தச் சமையல் பொஸ்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் அதுதான் இருக்குது. உப்பு தேவையான அளவு, எண்ணெய் தேவையான அளவு. யாருக்குத் தேவையான அளவுன்னு எழுதல.

நான் சாயப்பட்டறையில நாப்பது வருசம் நின்னவனுங்க. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகல. நம்பர் தெரியும், எழுத்து தெரியாது. பட்டறையில துணிக்குச் சாயம் ஏத்தறதுக்கு லேப்ல இருந்து ஒரு சீட்டு வரும். அதுக்குப் பேரே ரெசிபிதான். எந்தக் கலரு எத்தனை கிராம், எத்தனை சூடு, எத்தனை நிமிசம், எல்லாம் அதுல இருக்கும். சீட்டுல ஒரு மூலையில மாதிரித் துண்டு ஒண்ணு, தீப்பெட்டி அகலத்துக்கு, ஒட்டியிருக்கும். ஒரு தடவைக்குச் சாயம் ஏத்தற மொத்தத் துணிக்கும் பேரு லாட்டு. அந்தத் துண்டோட நெறத்துக்கு லாட்டு முச்சூடும் வரணும். சீட்டைப் படிக்கிறவன் படிப்பான், நான் நிறுத்துப் போடுவேன். ஒரு கிராம் கூடுனாலும் துணி வேற நெறத்துக்குப் போயிரும். அப்படி நிறுத்துப் பழகுன கைக்குத் தேவையான அளவுன்னு சொன்னா அது எங்க போய் நிக்குமுங்க.

நான் அடுப்படிக்குப் போனது ஊட்டுக்காரி பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுக்கு அப்புறந்தான். இடுப்புல கம்பி வெச்சிருக்குது. வாக்கரைப் புடிச்சுக்கிட்டு முன்னறையில இருந்து வாசல் வரைக்கும் வருவா, அவ்வளவுதான். பையன் கட்டிங் மாஸ்டர். மருமக பனியன் கம்பெனியில செக்கிங். காத்தால எட்டரைக்கு ரெண்டு பேரும் ஒரே வண்டியில கெளம்பிப் போனா பொழுதோட ஏழாயிரும் திரும்பி வர. நடுவுல ஊட்ல நானும் அவளும், பக்கத்து ஊட்டு நிட்டிங் மிசினு சத்தமுந்தான். சமையலுக்கு ஆள் வெக்கலாம்னு பையன் சொன்னான். நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்.

அடுப்படி மேல் பலகையில முறத்துக்கு அடியில அந்தப் பொஸ்தகம் கெடந்துச்சு. அட்டை போயிருச்சு, கரப்பான் தின்னது போக மிச்சம் இருக்குது. ஊட்டுக்காரி அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. முந்தி வாங்குனது. இப்ப சக்கரையில கண்ணு மங்கிப்போச்சு, சின்ன எழுத்து தெரியாது. அதனால மருமகதான் படிக்கும். அது தெக்கத்திப் புள்ள, திருநெல்வேலிப் பக்கம். காத்தால தலை சீவிக்கிட்டே அன்னைக்கு வேண்டிய பக்கத்தைப் போன்ல படிச்சுப் பேசி எனக்கு அனுப்பிரும். நான் அடுப்புகிட்ட போனைக் காதுல வெச்சுக் கேட்டுக் கேட்டுச் செய்வேன். இதையுங்கூட அந்தப் பழக்கத்துலதான் போன்ல பேசறனுங்க.

மொதல்ல தக்காளி சாதம் செஞ்சேன். அது பரவால்ல. பிரியாணி செஞ்சேன், கஞ்சியாப் போச்சு. பையன் கரண்டியைத் தூக்கிப் பாத்துட்டு, "டம்ளர்ல ஊத்துங்கப்பா, குடிச்சுக்கறேன்"னான். மருமக சிரிப்பை அடக்கிக்கிட்டு ரெண்டு தடவை வாங்கித் தின்னுச்சு. இப்படியே ஒண்ணு ரெண்டு மாசம் போச்சு. ஒரு நாள் மருமக பக்கத்தைப் பொரட்டிக்கிட்டே, "மாமா, இந்தப் பக்கத்துல மட்டும் எண்ணெய்க் கறை இருக்கு. அத்தை இதைச் செஞ்சிருப்பாவ போல. வெள்ளைக் குருமா"ன்னுச்சு.

நான் பொஸ்தகத்தை வாங்கி அந்தக் கறையைப் பாத்தேன்.

அதைச் சொல்லித்தானுங்க ஆகணும். பையன் மூணாவது படிச்சிட்டிருந்தப்ப நடந்தது. ஒரு ஞாயித்துக்கெழமை. தம்பி குடும்பம் விருந்துக்கு ஒறம்பரை வந்திருந்துச்சு. பட்டறையில அவசர லாட்டுன்னு நான் ஞாயித்துக்கெழமையும் போயிட்டு, ரெண்டு மணிக்கு மேல வந்தேன். அன்னைக்கு ஒரு லாட்டு திட்டுத் திட்டா வந்து மொதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வந்த நேரம். வழக்கமா அரிசியும் பருப்புஞ்சோறு, இல்லீன்னா கறிக்கொழம்பு. அன்னைக்கு எலையில சப்பாத்தி, பக்கத்துல ரோஸ் கலர்ல ஒரு கொழம்பு. கேரட்டு இல்லைன்னு ஊட்ல கெடந்த அரைத் துண்டு பீட்ரூட்டை வெட்டிப் போட்டிருக்கறா. தேங்காய்ப் பாலு முச்சூடும் நெறம் ஏறிப்போச்சு.

நான் தொட்டுக்கூடப் பாக்கலீங்க. "சாயத்தண்ணியைப் பட்டறையில பாத்துட்டு வர்றது பத்தாதா, ஊட்லயும் எலையில ஊத்தறயா"ன்னேன். தம்பி சிரிச்சான். அவன் சம்சாரம் சிரிச்சா. பையனும் சிரிச்சான். சிரிக்கச் சிரிக்க எனக்கு ஏறிக்கிச்சு. "எந்த லாட்டுது இது, ஷேடு நல்லா வந்திருக்குது"ன்னேன். எலையை மூடிட்டு எந்திரிச்சு, எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் பரோட்டாக் கடைக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் அவ பொஸ்தகத்தைத் தொட்டதில்லீங்க. நானும் கேக்கல. அந்தப் பேச்சு மட்டும் ஊட்ல வருசக்கணக்கா ஓடுச்சு. ரசம் கொஞ்சம் செவந்தா, "அம்மா, எந்த லாட்டு"ம்பான் பையன். அவளும் சேந்து சிரிப்பா.

அதனால அன்னைக்கு மருமககிட்ட, "அதையே படிச்சு அனுப்பு அம்மிணி"ன்னேன். என் ரோசனை என்னன்னா, அதையே செஞ்சு அவளுக்கு வெக்கணும். வெச்சா, அவ என்னை ஒரு வார்த்தை சொல்லணும். நான் சொன்னதையே திருப்பிச் சொன்னாலும் சரி, வாங்கிக்கலாம். மன்னிச்சுக்கோன்னு கேக்கறதுக்கு எனக்கு இந்த வயசுலயும் வாய் வர்ல பாருங்க.

மார்க்கெட்டுல கேரட்டு கெடந்துச்சு, வாங்கல. பீட்ரூட்டுதான் வாங்குனேன். அனுப்பர்பாளையத்துல வாங்குன பித்தளைக் குண்டா ஒண்ணு இருக்குது, எங்க கல்யாணத்துக்கு எடுத்தது. ஈயம் பூச ஆளு வாசலுக்கே வருவான் அப்பெல்லாம். இப்ப நாமதான் கொண்டுக்கிட்டுப் போகோணும். அவ அன்னைக்குச் செஞ்சது அந்தக் குண்டாவுலதான். அதையே எறக்கிக் களுவுனேன். முன்னறையில இருந்து அவ, "ஏனுங்க, குண்டா சத்தம் கேக்குது, எத்தனை பேருக்குச் செய்யறீங்க"ன்னா. "நீ எட்டிப் பாக்காத"ன்னு சொல்லிக் கதவைச் சாத்திக்கிட்டேன்.

போன்ல உப்பு தேவையான அளவுன்னு வந்துச்சு. மருமகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மிணி, தேவையான அளவுன்னா எத்தனை?"

"ரெண்டு ஸ்பூன் போடுங்க மாமா. பொறவு வாயில வச்சுப் பாருங்க. சூப்பர்வைசர் நிக்காரு, வைக்கேன்."

ரெண்டு ஸ்பூன் போட்டேன். காய் வேகறப்ப எந்த எடத்துல விட்டேன்னு தெரியாம மொதல்ல இருந்து திரும்பக் கேட்டேன். மறுபடியும் உப்பு வந்துச்சு, ரெண்டு ஸ்பூன் போட்டேன். தேங்காய்ப் பால் ஊத்தறப்ப நிட்டிங் மிசினு சத்தத்துல காது கேக்கல, இன்னொருக்கா மொதல்ல இருந்து. மறுபடியும் ரெண்டு ஸ்பூன். எனக்கு ஒரு சந்தேகமும் வர்லீங்க. சாயப்பட்டறையில உப்பை மூணு தவணையாத்தான் போடுவோம். ஒரே தடவையில கொட்டுனா சாயம் திட்டுத் திட்டா ஏறும். மூணு தடவை சொன்னதும், சரியாத்தான் சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

வாயிலயும் வெச்சுப் பாக்கல. பட்டறையில நின்னவன் வேலை நேரத்துல வெரலை வாய்கிட்டக் கொண்டுபோக மாட்டான். நாப்பது வருசப் பழக்கம், அடுப்படியிலயும் போகல. நான் பாத்ததெல்லாம் நெறந்தான். பீட்ரூட்டைத் துளித் துளியாச் சேத்து, குண்டாவை ஜன்னல் வெளிச்சத்துல சாச்சுச் சாச்சுப் பாத்தேன். அன்னைக்கு எலையில இருந்த அதே ரோஸு. ஒரு தடவைதான் பாத்தேன், அதுவும் கோவத்துல. ஆனா கண்ணு நெனப்புல வெச்சிருந்துச்சுங்க.

பொழுதோட எல்லாரும் உக்காந்தோம். அவளைச் சேர்ல உக்கார வெச்சுத் தட்டத்தைக் குடுத்தேன். ஊத்துனதும் அவ தட்டத்தையே பாத்துக்கிட்டிருந்தா. அவளுக்கு நெறம் தெரியும். என்னை நிமுந்து பாக்கல.

பையன்தான் மொதல்ல வாயில வெச்சான். மூஞ்சி கோணிப்போச்சு. தண்ணியைக் குடிச்சுட்டு அப்புறம் நெறத்தைப் பாத்தான். அவனுக்கும் நெனப்பு வந்துருச்சு. "அப்பா, பட்டறையில பாத்தது பத்தாதா? உப்போட அப்படியே சாயத்தண்ணியக் கொண்டாந்துட்டீங்களா"ன்னு சிரிக்க ஆரம்பிச்சான்.

"சிரிக்காத சாமி"ன்னா அவ. சத்தமா இல்லீங்க. "உங்கப்பா இந்த வயசுல நின்னு செஞ்சிருக்கறாரு. தயிரை ஊத்திக்கோ, உப்பு தெரியாது. பேசாம சாப்புடு."

பையன் அடங்கிட்டான். நான் ஒரு வாய் வெச்சேன். கடல்தண்ணிங்க அது. அவளுக்கு உப்பு ஆகாதுன்னு மருமக தட்டத்தை எடுக்கப் போச்சு. "இருக்கட்டும் கண்ணு"ன்னு தயிரை ஊத்தி நாலு வாய் தின்னா.

நாக்கைப் புடுங்கிக்கலாம்னு இருந்துச்சு. உப்புக்காக இல்லீங்க. அன்னைக்குத் தம்பி சிரிச்சப்ப, சிரிக்காதேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல. ஆரம்பிச்சு வெச்சவனே நான்.

சாப்பிட்டு முடிச்சு அவுங்க ரெண்டு பேரும் மாடிக்குப் போனாங்க. அவளுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தேன்.

"பீட்ரூட்டைப் போட்டீங்களே, வேணும்னேதான?"ன்னா.

"ம்"ன்னேன்.

"எனக்குக் கேரட்டு கெடைக்கல அன்னைக்கு. கடை சாத்தியிருந்துச்சு."

"நீ எதுக்குப் புள்ள அதைச் செய்யப் போன? நமக்குப் பழக்கமே இல்லாததை."

மாத்திரையை முழுங்கிட்டுச் சொன்னா: "நீங்கதான் சொல்லிட்டிருந்தீங்க. மொதலாளி ஊட்டுக் கல்யாணத்துல வெள்ளைக் குருமா போட்டாங்க, அந்தாட்டம் ஒண்ணு தின்னதே இல்லேன்னு. ஒரு வாரம் அதே பேச்சு. அதுக்குத்தான் பஸ் ஸ்டாண்டுக் கடையில அந்தப் பொஸ்தகத்தை வாங்குனேன்."

எனக்கு அந்தக் கல்யாணம் நெனப்பு இருக்குது. குருமா நெனப்பு இல்லீங்க. நான் அப்படிச் சொன்னதும் நெனப்பு இல்ல. ரோசிச்சு ரோசிச்சுப் பாக்கறேன், வர மாட்டீங்குது.

"எப்படி இருந்துச்சு நீ செஞ்சது?"ன்னு கேட்டேன்.

"யாருக்குத் தெரியுமுங்க. நீங்கெல்லாம் பரோட்டாவுக்குப் போயிட்டீங்க. குண்டாவோட ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குக் கொண்டுபோய்க் கொட்டீட்டு, பழைய சோத்துல தண்ணிய ஊத்தித் தின்னேன்."

"வாயில கூட வெக்கலையா?"

"இல்லீங்க. நீங்க வந்து மொதல்ல சாப்புடோணும்னு வெச்சிருந்தேன்."

சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அவ கோவமாச் சொல்லல. கேட்டதுக்குப் பதில் சொன்னா, அவ்வளவுதான்.

இப்ப வாரத்துல ஒரு நாள் செய்யறேன். உப்பு ரெண்டு ஸ்பூன், ஒரே தடவைதான். வாயில வெச்சுப் பாக்கவும் பழகிட்டேன், மொதல்ல கொமட்டுச்சு. "நல்லாயிருக்கு மாமா"ங்குது மருமக. பையன் இன்னொரு கரண்டி கேக்கறான். அவகிட்டக் கேட்டா, "நல்லாத்தானுங்க இருக்குது"ங்கறா. அன்னைக்கு நீ செஞ்சதாட்ட இருக்குதான்னு கேக்க வாயெடுப்பேன். அதை அவளே தின்னு பாக்கலீங்களே. மாதிரித் துண்டு இல்லாம எந்த லாட்டையும் நான் ஏத்துனதில்லீங்க. அப்புறம் தட்டத்தைப் பாத்துக்கிட்டு மிச்சத்தைத் தின்னுருவேன்.