தினம் ஒரு தப்பு

1. திரும்பி வந்த பீரியட்

உடற்கல்வி ஆசிரியராக நான் வேலை பார்த்த காலம் முழுக்க என் பீரியட் என்னிடம் இருந்ததே இல்லை. டைம்டேபிளில் இருக்கும். மணி அடித்ததும் அறிவியல் டீச்சர் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். "சார், ஒரு பாடம் பாக்கி கெடக்கு, எடுத்துக்கட்டுமா?" என்பார். மரியாதைக்குத்தான் கேட்பது. கேட்கும்போதே சாக்பீஸ் கையில் இருக்கும். நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் போய்ப் பேப்பர் படிப்பேன். போன வருஷம் ரிட்டயர் ஆனபோது மேடையில் பேசிய எல்லோரும் என் விட்டுக்கொடுக்கும் குணத்தைப் பாராட்டினார்கள்.

பள்ளிக்கூடம் அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையம் போகிற பாதையில் இருக்கிற ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஊர்ப்பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள். காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு சிமெண்ட் ஆலைத் தூசி.

கணக்கு வாத்தியார் மாறுதலில் போனபின் அந்த இடம் ரொம்ப நாள் காலியாகவே கிடந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு பீரியடை நான்தான் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டேன் என்றால், சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். எனக்கு எண்ணத் தெரிந்ததெல்லாம் டிரில்லுக்கு ஒன்று முதல் எட்டு வரைதான்.

அப்போது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலமாக மும்தாஜ் டீச்சரை எடுத்தார்கள். லப்பைக்குடிக்காட்டுப் பெண். இரண்டு பஸ் மாறி வர வேண்டும். இந்த மாதிரி வேலையில் ஆர்டர், விசாரணை என்று எதுவும் கிடையாது. ஹெச்.எம். வரச் சொன்னால் வரலாம். வேண்டாம் என்று அவர் வாய்விட்டுச் சொன்னால் அன்றோடு சரி.

முதல் நாளே அந்த டீச்சர் என் வேப்பமரத்தைத் தேடி வந்தார்.

"சார், உங்க பி.டி. பீரியட்லயும் கணக்கே எடுக்கச் சொல்லி ஹெச்.எம். சார் சொன்னாரு. எனக்கு வேணாம் சார். நீங்களே வச்சுக்கங்க."

நான் பேப்பரை மடித்தேன். "ஏம்மா?"

"ஓடாத புள்ளைங்க வகுப்புல தூங்குதுங்க. தூங்குற புள்ளைக்கு நான் எங்கேருந்து கணக்கு சொல்லித் தர்றது?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பீரியட் கைக்கு வந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மறந்துபோயிருந்தது. ஸ்டோர் ரூமில் தேடி எடுத்த வாலிபால் பணியாரம் போல அமுங்கிக் கிடந்தது.

2. ஆளுக்கொரு வழி

என் வேப்பமரம் பத்தாம் வகுப்பு ஜன்னலை ஒட்டி இருந்ததால் மும்தாஜ் டீச்சரின் பாடம் முழுவதும் என் காதில் விழும். வந்த வாரமே பிள்ளைகளிடம் ஓர் ஏற்பாடு சொன்னார்.

"தினம் போர்டுல ஒரு தப்பு போடுவேன். எங்கன்னு சொல்ல மாட்டேன். நீங்கதான் புடிக்கணும். புடிச்சுட்டா நான் அழிச்சுத் திருத்துவேன். திருத்துற வரைக்கும் வுடக் கூடாது."

ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. தப்பு என்று தெரிந்தும் அதை அழகாகக் காப்பி எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் எழுதினால் அது சரி. அப்படித்தான் நாங்கள் வளர்த்து வைத்திருந்தோம், அதில் எனக்கும் பங்கு உண்டு. அட்டேன்ஷன் என்றால் நிற்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது என்பதுதானே என் பாடத்திட்டம்.

லாரி ஓட்டுகிறவரின் மகன் தினேஷ்தான் முதலில் உடைத்தான். சுண்ணாம்புக்கல் லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கும் கிளீனர் கை காட்டுவதுபோல எழுந்து நின்று, "வாங்க, வாங்க, இன்னும் வாங்க, போதும் போதும், மூணாவது வரில இடிச்சுருச்சு" என்றான். வகுப்பு சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமானது. டீச்சரும் சிரித்தார். பிறகு இன்னொரு சட்டம் போட்டார்.

"இது தினேஷோட வழி. இனி வேற யாரும் இப்படிச் சொல்லக் கூடாது. அவங்கவங்க வழிய அவங்கவங்களே கண்டுபுடிக்கணும்."

அதன்பிறகு அந்த ஜன்னல் வழியே வராத சத்தமில்லை. ஒருத்தி பஸ் கண்டக்டர் மாதிரி விசில் ஊதுவாள், அது என் விசில். ஒருத்தன் ஒப்பாரி வைப்பான். இன்னொருத்தன் மாரியம்மன் வந்தவனைப் போல ஆடிக்கொண்டே விடையைச் சொல்வான்.

செல்வராணி என்றொரு பெண். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் குரலை நான் கேட்டதில்லை. ஒரு நாள் வகுப்பு நடுவில் எழுந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் கவனிக்காமல் பாடத்தை நடத்திக்கொண்டே போனார். அவள் உட்காரவில்லை. கடைசியில் டீச்சர் திரும்பி, "என்ன செல்வராணி?" என்றதும் போர்டை நோக்கி விரலை மட்டும் நீட்டினாள். சரியான இடம்.

"பேசாம நிக்கிறது," என்றார் டீச்சர். "இது செல்வராணியோடது. யாரும் தொடக் கூடாது."

அந்தப் பிள்ளையின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. எட்டிப் பார்த்த நான் பேப்பரைக் கீழே வைத்தேன்.

பிறகு இந்த வியாதி பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. "பாடம் நடத்தறப்ப மூஞ்சியவே பாக்குதுங்க சார், இன்னிக்கு எங்க தப்பு வரும்னு," என்று அறிவியல் டீச்சர் என்னிடம் புலம்பினார். நான் கோ-கோ விதி சொன்னபோது ஒரு பொடியன், "அது பழைய ரூல் சார்" என்றான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பழைய ரூல்தான்.

3. தொடாமல் போன பிரியாணி

எங்கள் ஹெச்.எம். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். அந்தக் கோடையில் ரிட்டயர் ஆக வேண்டியவர். "பேரு கெடாம வூடு போய்ச் சேந்துடணும் பி.டி. சார்" என்பதைக் காபி குடிக்கிற மாதிரி காலையும் மாலையும் சொல்வார்.

மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பள்ளியைப் பார்வையிட வருகிறார் என்றதும் ஹெச்.எம்.முக்குச் சர்க்கரை ஏறியது. அதிகாரிக்காக அரியலூர் டவுனிலிருந்து பிரியாணி வரவழைத்தார். பத்தாம் வகுப்புக்குப் போய், "கேட்டா பதில் சொல்லுங்க, கேக்கலன்னா வாயத் தொறக்காதீங்க" என்றார். மும்தாஜ் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்கு ஒரு நாள் தப்பு இல்லாம நடத்துங்கம்மா" என்று கெஞ்சினார். டீச்சரும் ஒப்புக்கொண்டு, சொன்ன சொல் மாறாமல் நடத்தினார்.

பிரச்சினை அதிகாரியால் வந்தது. பாடத்தைப் பார்த்து உற்சாகமாகி, "நான் ஒரு கணக்கு போடறேன், எல்லாரும் கவனிங்க" என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டார். வேகமாகத்தான் போட்டார். கடைசி வரியில் மைனஸ் வர வேண்டிய இடத்தில் பிளஸ் வந்துவிட்டது. யாருக்கும் கை தவறுவது உண்டுதான்.

எனக்குத் தெரியவில்லை, ஹெச்.எம்.முக்கும் தெரியவில்லை. மும்தாஜ் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டதை மட்டும் பார்த்தேன்.

தினேஷ் எழுந்தான்.

"வாங்க சார், வாங்க, இன்னும் வாங்க, போதும் போதும், கடைசி வரில இடிச்சுருச்சு."

வகுப்பே கை தட்டியது. கேலி செய்து தட்டவில்லை, மனதாரத்தான் தட்டினார்கள். போர்டில் தப்புப் போடுகிறவர்கள் வேண்டுமென்றேதான் போடுவார்கள் என்று அந்தப் பிள்ளைகள் நம்பினார்கள். தினேஷ் பாராட்டுப் பத்திரம் வேறு வாசித்தான்.

"சூப்பர் சார். எங்க டீச்சரவிட நல்லா ஒளிச்சு வச்சிருந்தீங்க."

அதிகாரி போர்டைப் பார்த்தார், தினேஷைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னொரு பள்ளிக்கூடம் போகணும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பிரியாணியைத் தொடவில்லை. நாங்கள்தான் சாப்பிட்டோம். இவ்வளவு நடந்த பிறகும் அது ருசியாகத்தான் இருந்தது.

ஹெச்.எம். சாப்பிடவில்லை. சாயங்காலம் மும்தாஜ் டீச்சரை அறைக்கு அழைத்தார். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வந்த நான் வாசலிலேயே நின்றேன். எனக்கு முன்பே அங்கே செல்வராணி கணக்கு நோட்டுக் கட்டோடு காத்திருந்தாள்.

"டீச்சர், நாளைலேருந்து நீங்க வர வேணாம்."

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"தினம் ஒண்ணு பண்றீங்களேம்மா."

டீச்சர் வாதாடவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தார். பரீட்சைக்கு இன்னும் பாடம் பாக்கி இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "பீரியட விட்டுக் குடுத்துடாதீங்க சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் வாயில் விசில் இருப்பவனைப் போல நின்றேன்.

4. பிரேயர்

பிரேயரில் என் வேலை இரண்டு. அட்டேன்ஷன் சொல்வது, மயங்கி விழுகிற பிள்ளையை நிழலுக்குத் தூக்கிப் போவது.

மறுநாள் ஹெச்.எம். மைக்கைத் தட்டினார். "ஒரு அறிவிப்பு. கணக்கு டீச்சர் சொந்தக் காரணத்துனால தானாவே நின்னுக்கிட்டாங்க. பத்தாவதுக்கு இனி அறிவியல் டீச்சரே கணக்கு எடுப்பாங்க."

பத்தாம் வகுப்பு வரிசையில் ஒரு தலை மட்டும் கீழே போனது. நான் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். செல்வராணி. சிமெண்ட் தூசியில் சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். மயக்கம் வந்த முகம் இல்லை அது.

"என்னம்மா, தல சுத்துதா?"

"இல்ல சார்." அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் முறை. "தப்பு ஒண்ணு வந்துருச்சு. எல்லாரும் நிக்கிறாங்க, நின்னா தெரியாது. அதான் உக்காந்தேன்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பத்தாம் வகுப்பு வரிசை மைக்கை ஒட்டியே இருந்தது. ஊருக்கே கேட்டது.

அடுத்த நொடி தினேஷ், "வாங்க, வாங்க, போதும் போதும்" என்று கை காட்ட ஆரம்பித்தான். என் கழுத்து விசிலைப் பிடுங்கி ஒருத்தி ஊதினாள். ஒப்பாரிக்காரன் வைத்தான், மாரியம்மன் வந்தது. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் செய்யவில்லை. ஆளுக்கொரு வழி.

ஹெச்.எம்.முக்கு வியர்த்துக் கொட்டியது. "பி.டி. சார், அட்டேன்ஷன் சொல்லுங்க."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அட்டேன்ஷன் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. கீழே அந்தப் பெண் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தாள்.

"ஸ்கூல்," என்று கத்தினேன். "அபௌட் டர்ன்."

என் சர்வீஸில் அப்படி ஒரு டிரில் அமைந்ததில்லை. ஒரே சத்தம். மொத்தப் பள்ளிக்கூடமும் ஹெச்.எம்.முக்கு முதுகைக் காட்டி நின்றது. செல்வராணி மட்டும் அவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஹெச்.எம். மைக்கைப் பிடித்தபடி அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு தளர்ந்த குரலில், "தானா நிக்கல," என்றார். "நாந்தான் நிறுத்தினேன்."

செல்வராணி எழுந்திருக்கவில்லை. "திருத்துங்க சார்" என்றாள்.

"இப்பவே ஃபோன் போடறேன்மா. எந்திரி."

எழுந்தாள். பாவாடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். நான் திரும்பவும் அபௌட் டர்ன் சொல்லி ஹெச்.எம்.முக்கு முகங்களைக் கொடுத்தேன்.

"மெமோ வந்தா நீங்கதான் பதில் எழுதணும்" என்றார் அவர் என்னிடம். மெமோ வரவில்லை. மெமோ எழுத வேண்டுமானால் அதிகாரி தன்னுடைய அந்த மைனஸையும் அல்லவா எழுத வேண்டும். அந்தக் கோடையில் அவர் பெயர் கெடாமல் வீடு போய்ச் சேர்ந்தார்.

இதைப் படிக்கிற இளைய ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகளுக்குத் தைரியம் வர வேண்டும் என்று நாங்கள் ஆண்டுவிழாதோறும் பேசினோம், அவர்கள் வெயிலில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள். நம்மைத் தப்பென்று சொல்ல ஓர் இடம் விட்டால் போதும், தைரியம் தானாக வந்து அதில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடத்தை விடுவதற்குத்தான் நமக்கு மனசு வருவதில்லை.

மும்தாஜ் டீச்சர் அன்று மத்தியான பஸ்ஸிலேயே வந்துவிட்டார். பிள்ளைகள் நடந்ததை எல்லாம் ஒப்பித்திருக்கிறார்கள். வகுப்பை முடித்துவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன், ஏனென்று தெரியவில்லை.

"அபௌட் டர்ன்," என்றார் டீச்சர். "அது உங்களோடது சார். வேற யாரும் எடுக்கக் கூடாதுன்னு வகுப்புல சொல்லிட்டேன்."