வெர்னா வாசலில் இறக்கிவைத்த உரிமை

இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிய காலை வென்றாள். பன்னிரண்டு வயதில், அப்பாவுக்கே போக்குக்காட்டிய கொம்புமானை வென்றாள். திக்குவாயை வெல்லத்தான் நாளாயிற்று. அதையும் ஊர்க்கூட்டத்தில் ராய்ஸ் டட்டிலுக்கு எதிரே நின்று வென்றாள். தங்கை வெர்னாவைப் பற்றி யார் கேட்டாலும் இடெல்லா இந்த வரிசையில்தான் சொல்வாள்.

மார்ச் மாத முதல் செவ்வாய், வருடாந்திர ஊர்க்கூட்ட நாள். வெர்மான்ட் மலைகளில் பனி உருகிக்கொண்டிருந்தது. மேப்பிள் சாறு காய்ச்சும் கொட்டகைகளிலிருந்து வந்த இனிப்பு ஆவி மண்டபத்து ஜன்னல்களில் படிந்திருந்தது. அந்த வெளிச்சத்தில், எல்லோரும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இடெல்லாவுக்குத் தோன்றியது.

போன வருடம் ராய்ஸ் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு கூட்டத்துக்கு வந்தார். இந்த வருடமும் அப்படியே வந்திருந்தார்; அதற்குப் பயந்து கைக்குழந்தைக்காரிகள் வரவில்லை. கூட்டம் நடக்கும்போது துப்பாக்கியை வெளியே வைக்கவேண்டும் என்பது வெர்னாவின் தீர்மானம். அவள் வாய் திறக்காவிட்டால் அது அங்கேயே செத்துவிடும்.

அங்கே எதையும் தலைவரைப் பார்த்துத்தான் பேசவேண்டும்.

"தலைவரே, ஆயுதம் வச்சுக்கற உரிமை மக்களுக்கு உண்டுன்னு நம்ம மாநில அரசியல் சட்டத்துலயே இருக்கு. வாசப்படி வரைக்கும்தான்னு எங்க இருக்கு? அந்தம்மாவையே கேளுங்க," என்றார் ராய்ஸ்.

வெர்னா எழுந்தாள். இடெல்லா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"த... தலைவரே, தங்களைக் காத்துக்கன்னும் அதுலயே இருக்கு. இங்க அவரு எதுகிட்டேருந்து காத்துக்கறாரு? மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் சமைச்சுக் கொண்டுவந்த பீன்ஸ்கிட்டேருந்தா?"

"தின்னவன் சொல்றேன் தலைவரே, பயம் நியாயமானதுதான்!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

மண்டபம் சிரித்தது. வெர்னா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"மான்கறி விருந்தன்னைக்கு சர்ச்சுல கோட்டு மாட்டற அறையில துப்பாக்கியைச் சாத்திட்டுத்தானே உக்கார்றோம்? மொதல்ல சாத்தறதே ராய்ஸ்தான்."

"அது நாங்களா வைக்கிறது, தலைவரே! யாரும் உத்தரவு போடல."

"இதுவும் நாமளா கை தூக்கறதுதானே? வெளியூர்லேருந்தா ஆள் வந்து தூக்கப்போறாங்க?"

கைகள் ஒவ்வொன்றாக, ஆழத்திலிருந்து மிதந்து வருவதுபோல மேலே வந்தன. ராய்ஸ் கை தூக்கவில்லை. ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. அவர் எழுந்து தன் வண்டிவரை போய், வெறும் இடுப்போடு திரும்பினார்.

"தலைவரே, அந்த பீன்ஸ் மிச்சமிருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மூடுபனி.

"மொத வார்த்தைக்கப்புறம் எப்படிடி திக்காம பேசின?"

"வேட்டை லைசென்ஸ் வாங்கின அன்னைக்கு அப்பா சொன்னாரே அக்கா, பேரை எழுதிட்டா அந்தத் துப்பாக்கிக்கு நீதான் பதில் சொல்லணும்னு. பதில்தான் சொன்னேன்."

அந்த வேட்டை உரிமச் சீட்டில், பன்னிரண்டு வயதில், கோணல்மாணலாக, வெர்னா முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 1961 நவம்பர் 10.