துடுப்பைத் தோளில் சாய்த்து, மாமல்லபுரத்திலிருந்து அச்சரப்பாக்கம் வரை

பிப்ரவரி மாதத்து ஒரு சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்குள் கப்பல் ஏஜென்சிக்கு நான் ஒரு பதில் அனுப்ப வேண்டியிருந்தது. அடுத்த ஒன்பது மாத ஒப்பந்தத்துக்கு வருகிறேனா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. எனக்கு நாற்பத்தாறு வயது, பத்தொன்பது வருடமாகக் கப்பல் எஞ்சின் அறையில் வேலை. கடைசியாக இறங்கிய இரண்டு முறையும் ‘இதுதான் கடைசி’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மறுபடி ஏறியவன். இந்தத் தடவை அதைப் பற்றி வாயைத் திறக்கவே வெட்கமாக இருந்தது. அப்படிப் பிறந்ததுதான் இந்தப் பயணம்.

மனைவி செல்வி கல்பாக்கத்தில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறாள். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில். மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். நானும் அவளும் ஒரே கல்லூரி, ஆகவே எங்களுக்குள் வா, போதான். இருவருக்கும் பொதுவான பைத்தியம் கிரேக்கக் கதைகள், ஆனால் கட்சி வேறு. நான் பழைய காவியங்களைக் கப்பலில் படித்தவன். அவள் இப்போது வருகிற மறுகூறல்களின் ஆள். அதே கதையை வீரனின் மனைவி சொன்னால் எப்படியிருக்கும், போரில் பிடிபட்ட பெண் சொன்னால் எப்படியிருக்கும் என்று எழுதுகிறார்களே, அவற்றை ஸ்டாஃப் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். (கிரேக்கப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல் வைத்திருக்கிறோம். போன பதிவின் பின்னூட்டத்தில் நடந்த சண்டையே போதும்.)

போர் முடிந்து, பத்து வருடம் கடலில் அலைந்து வீடு திரும்பும் வீரனை எல்லோருக்கும் தெரியும். அவனுக்குச் சொல்லப்பட்ட ஒரு குறியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீடு சேர்ந்த பிறகு அவன் ஒரு துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு உள்நாட்டுக்குள் நடக்க வேண்டும். எந்த ஊரில் ஒருவர் அதைத் துடுப்பென்று தெரியாமல், தானியம் தூற்றும் பலகை என்று நினைத்துக் கேட்கிறாரோ, அங்கே அதை மண்ணில் நட்டுப் படையல் போட்டுவிட்டுத் திரும்பலாம். அதன் பிறகு கடல் அவனை விட்டுவிடும், நிம்மதியாக மூப்படையலாம். அந்தப் பயணத்தை அவன் போனானா என்று பழைய கதை சொல்வதில்லை. குறியோடு நிறுத்திவிடுகிறது.

“நான் போய்ப் பாக்கறேன்,” என்றேன் வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில். “யாராவது தப்பாக் கேட்டாங்கன்னா கப்பல் வேணாம்னு எழுதிடறேன். அச்சரப்பாக்கம் வரைக்கும் யாருமே கேக்கலன்னா வர்றேன்னு எழுதறேன்.”

“ஒரு முடிவெடுக்க எவ்வளவு சுத்து சுத்தற,” என்றாள் செல்வி. தட்டை எடுத்துக்கொண்டு எழும்போது, “நானும் வர்றேன்,” என்றாள்.

காலை 6.10க்குக் கல்பாக்கத்தில் பஸ் ஏறினோம். மாமல்லபுரம் பதினைந்து கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். கடற்கரைக் கோயிலைத் தாண்டி மீனவர் குடியிருப்பில் ஏழுமலை என்று ஒருவர் எனக்குப் பழக்கம். நான் விடுமுறையில் வரும்போதெல்லாம் அவரிடம் மீன் வாங்குவேன். அவர் வீட்டுச் சுவரில் ஐந்தரை அடி நீளத்தில் மரத் துடுப்பு ஒன்று சாய்ந்திருந்தது. அதைக் கேட்டேன்.

“மோட்டாரு வந்தப்பறம் இத்த யாரு தொடறா? சும்மாதான் கீது, எத்துகினு போ,” என்றார் ஏழுமலை. “ஆமா, இன்னாத்துக்கு?”

“அச்சரப்பாக்கம் வரைக்கும் எடுத்துட்டுப் போகணும்.”

“அங்க இன்னா கடலு கீது?”

“அதத்தான் பாக்கப் போறோம்ணா,” என்றாள் செல்வி.

துடுப்பு நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. உப்பேறிய மரம், கைப்பிடி மட்டும் வழுவழு. அதைத் தோளில் வைத்துக்கொண்டு பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னால் போய் நின்றபோது மணி 7.30. இங்கே கட்டணம் கிடையாது, இந்த நேரத்தில் கூட்டமும் கிடையாது. வெயில் இன்னும் ஏறவில்லை. கடல் காற்று, பின்னால் எங்கோ உளிச் சத்தம், பாறையில் யானைகளும் தேவர்களும் எல்லோருமாக ஒரே திசையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருப்பதைப் போல ஒரு மயக்கம். அரைத் தூக்கத்தில் பார்க்க வேண்டிய இடம் இது, நன்றாக விழித்துவிட்டால் கல்தான் தெரியும்.

விலா எலும்பு தெரிய, கைகளைத் தூக்கி ஒற்றைக்காலில் நிற்கிறவர் யார் என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. ஒரு வழிகாட்டி ஒரு பெயர் சொன்னார், பத்தடி தள்ளி நின்றவர் வேறு பெயர் சொன்னார். செல்விக்கு அதில் அக்கறை இல்லை. கீழே, அதே மாதிரிக் கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நம்பிக்கையோடு நிற்கும் எலிகளையும் காட்டினாள்.

“மறுகூறல் என்னமோ நேத்து வந்த ஃபேஷன்னு சொல்லுவியே. அதே கல்லுல, அதே உளியில, அந்த ஆளுக்குக் கீழயே பூனைய நிக்க வெச்சிருக்காங்க பாரு.”

“பூனை சின்னது. மேல நிக்கறவர் இல்லன்னா பூனைக்கு அர்த்தமே இல்ல.”

“பூனை இல்லன்னா மேல நிக்கறவரை நீ இவ்வளவு நேரம் பாத்திருக்க மாட்ட.”

துடுப்பைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

8.20க்குத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ். இருபத்தொன்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். எனக்கு இருபத்தைந்து ரூபாய், செல்விக்கு இலவசம். கண்டக்டர் துடுப்பை மேலும் கீழும் பார்த்தார்.

“போட்டு எங்கண்ண?” என்றார்.

“விட்டுட்டு வந்துட்டோம்.”

“அப்ப லக்கேஜ் பத்து ரூபா. யார் கண்ணுலயும் குத்தாம புட்ச்சுக்கோ.”

கடைசி இருக்கையில் துடுப்பை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் குலுங்கக் குலுங்க, கப்பலில் முதல் வாரம் வருகிற அந்தத் தூக்கம் வந்தது. ஜன்னலில் சவுக்குத் தோப்பு, பிறகு குன்றும் அதன்மேல் கோயிலும், பிறகு வயல். செல்வி குதிகாலில் மட்டும் சாவை வைத்திருந்த இன்னொரு வீரனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். பழைய காவியத்தில் அவன் கோபம்தான் கதை. கோபத்தில் போருக்குப் போகாமல் உட்கார்ந்தான், எழுந்தான், ஊரே அழிந்தது. புதியவர்கள் அந்தக் கோபத்துக்கு அடியில் கையை விட்டு அவன் நண்பனை இழந்த துக்கத்தை எடுத்து முன்னால் வைக்கிறார்கள். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. பழைய கதைசொல்லி அவனுக்காகப் பரிந்து பேசாமலே நம்மை அழவைத்துவிடுகிறான். புதியவர்கள் சில சமயம் நாம் எங்கே அழ வேண்டும் என்று கைபிடித்துக் கூட்டிப்போகிறார்கள். இதைச் சொன்னதும் அவள் ஒப்புக்கொண்டாள், எனக்கே ஆச்சரியம்.

செங்கல்பட்டில் இறங்கும்போது 9.40. பஸ் நிலையத்துக்கு எதிரில் இட்லி, வடை. துடுப்பு எங்கள் மேஜையில் மூன்றாவது ஆளாகச் சாய்ந்திருந்தது. தப்பாகக் கேட்க யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பரிமாறியவர், “கொளவாய் ஏரில போட்டிங் உடறீங்களா சார்?” என்றார். பூக்காரம்மா, “படகு வெச்சிகினு கீறியா நைனா?” என்றார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செல்விக்கு ஒரே சிரிப்பு.

“ஃபோன் வந்தப்பறம் யாருக்குத் துடுப்பு தெரியாது? இந்தக் காலத்துல உன் ஆளு சாகற வரைக்கும் நடந்துகிட்டே இருக்கணும்.”

உண்மையைச் சொல்கிறேன். அப்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் தண்ணீர் குடித்தேன்.

ஏரிக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு 12.05க்குத் திண்டிவனம் போகும் பஸ் பிடித்தோம். ஜிஎஸ்டி சாலையில் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். மதுராந்தகம் ஏரி நிறைந்து வெள்ளையாகக் கிடந்தது, ஓரமெல்லாம் கொக்கு. அறுத்த வயல்களில் வைக்கோல் நிறம். வெயிலில் தார்ச்சாலை தூரத்தில் தண்ணீராகப் பளபளத்து, கிட்டே போகப் போக விலகிக்கொண்டே இருந்தது. நான் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

அச்சரப்பாக்கத்தில் 1.15க்கு இறங்கி, நிழல் தேடிக் கடைத்தெருப் பக்கம் நடந்தோம். ஒரு கல்யாண மண்டபத்தின் பக்கவாட்டில் கொட்டகை போட்டு அடுப்பு மூட்டியிருந்தார்கள். சாயங்கால வரவேற்புக்குச் சமையல். தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மா, சமையல் காண்ட்ராக்டர் என்று பார்த்ததுமே தெரிந்தது, என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“இன்னா அண்ணாத்த, பன்னண்டுக்கு வரச் சொன்னா இப்பதான் ஆடி அசைஞ்சு வர்ற? அண்டா ஏத்தியாச்சு, வெங்காயம் வதங்கிகினு கீது. கட்டையக் கழுவிகினு சீக்கிரம் வா!”

அண்டா கிளறுகிறவர்கள் தங்கள் கைக்குப் பழகிய கட்டையைத் தாங்களே கொண்டுவருவது அங்கே வழக்கம் என்று பிறகு தெரிந்தது. தோளில் கட்டையோடு வந்தவனை அவர் கூலிக்கு வரச்சொன்ன ஆள் என்று நினைத்துவிட்டார். அறுபத்தொன்பது கிலோமீட்டரில் வராத குறி, அடுப்புப் புகைக்குள்ளிருந்து வந்துவிட்டது.

“இல்லம்மா,” என்றேன். “இது படகுத் துடுப்பு. கடல்ல போறது.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. துடுப்பை எப்படிப் பிடிப்பது, எதிர் அலையில் எப்படித் திருப்புவது என்று காட்டினேன். நான் இருக்கும் கப்பலுக்குத் துடுப்பே கிடையாது என்றேன். எஞ்சின் மூன்று மாடி உயரம் என்றேன், அதன் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். நடுக்கடலில் விடியற்காலை எஞ்சின் அறையிலிருந்து மேலே ஏறி வந்தால் எந்தப் பக்கமும் ஒன்றுமே இருக்காது, அது எப்படியிருக்கும் தெரியுமா என்று கேட்டபோது என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

“கடல்ல போவட்டும், கொளத்துல போவட்டும்,” என்றார் அந்த அம்மா. “கிளர்றதுக்கு ஆவுமா, ஆவாதா?”

அதற்குள் வரவேண்டிய ஆள் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார், தோளில் கட்டையோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம். பாதி டீ குடித்ததும் செல்வி கேட்டாள்.

“தப்பாக் கேட்டாங்க இல்ல?”

“கேட்டாங்க.”

“கதையில அவன், இல்ல இது துடுப்புன்னு திருத்துவானா?”

“இல்ல. பேசாம அங்கயே நட்டுட்டுத் திரும்பணும்.”

“நீ இருவது நிமிஷம் பேசின. வீட்டுல நாலு மாசமா நீ இப்படி ஒரு தடவ பேசல.”

எனக்கு அழுகை வந்தது. டீக்கடை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

“வர்றேன்னு எழுதிடு,” என்றாள். “ஆனா கடைசின்னு மட்டும் இனிமே சொல்லாத. அந்த வார்த்தைய நம்பித்தான் இந்தூர் மாற்றல ரெண்டு தடவ வேணாம்னு எழுதிக் குடுத்தேன்.”

எனக்கு அது தெரியாது. இரண்டு தடவையும் தெரியாது.

“சொல்லவே இல்லையே?”

“நீ இறங்கி வர்றப்ப கதவத் திறக்க ஆள் வேணும்ல. இப்ப மூணாவதா லெட்டர் வந்திருக்கு. நான் ரொம்ப நாளா கேட்ட ஆய்வுக்கூடம். திங்கக்கிழமை சரின்னு குடுக்கப் போறேன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழைய காவியத்தில் வீரனின் மனைவி இருபது வருடம் தறியில் உட்கார்ந்திருக்கிறாள். புதிய புத்தகங்களில் அவள் பேசுகிறாள், கோபப்படுகிறாள், அவனைக் கேள்வி கேட்கிறாள். ஆனால் அவற்றிலும் பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறாள் என்று திரும்பும் வழியில் செல்வி குறைபட்டுக்கொண்டாள். நான் எத்தனையோ துறைமுகங்களில் எத்தனையோ வீரர்களை மனதில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறேன். அவளுக்கு வேறொரு ஊர் ஆசை இருக்கும் என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. வெட்கப்படுகிறேன்.

4.50க்கு, பஸ்ஸில் துடுப்போடு திரும்பி வரும்போதே, ஏஜென்சிக்கு ‘வருகிறேன்’ என்று அனுப்பினேன்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: பாறைச் சிற்பத்தை எட்டு மணிக்குள் பார்த்துவிடுங்கள், அதன்பின் வெயிலும் செல்ஃபியும். செங்கல்பட்டில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். துடுப்பு கொண்டுபோனால் சாதாரண பஸ்ஸில் ஏறுங்கள். நீளமான சாமான் என்று மற்றவற்றில் தகராறு வரும். நடுவதற்கு இடம் தேட வேண்டாம், பஸ் நிற்கும் இடமெல்லாம் தார்தான். திரும்ப 3.30க்கு மேல் காத்திருந்தால் உட்கார இடம் கிடைக்காது. துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போனால், போகும்போதே அவருக்கு எங்கே போக ஆசை என்று கேட்டுவிடுங்கள். நான் அச்சரப்பாக்கம் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி எனக்குக் கப்பல். செல்விக்கு ஒன்பதாம் தேதி ரயில். கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை வழியனுப்ப வந்து நின்றவள் அவள்தான். இந்தத் தடவை பிளாட்பாரத்தில் நிற்கப் போவது நான். ரயில் நகர்ந்த பிறகு வழியனுப்ப வந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று அவளிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.