மஞ்சள் கழுவிய கல்

போலீஸ் தபேதார் துரைசாமி போய்விட்ட செய்தி எனக்குப் பேத்தமங்களாவில் கிடைத்தது. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து வந்த கான்ஸ்டபிள் வாசலில் நின்றபடி, "பெருசு காத்தால பூட்டாருங்க. மூணு நாளா காய்ச்சல்" என்றான். பன்னிரண்டு வருடம் அவரோடு ஒரே ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவன் நான். மாட்டுவண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் சிதைக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த வெண்கலக் குரல் நினைவிருக்கும். குரல்தான் பெரிது, கை ஓங்காது. ஒரு புது கான்ஸ்டபிள் கைதியை அடிக்கப் போனபோது தடியைப் பிடுங்கி மூலையில் வைத்தார். "அடிச்சா உனக்கு வேணுங்கிறத சொல்லுவான்டா. நடந்தத சொல்லமாட்டான்" என்றார். எங்கள் இலாகாவில் அப்படிப் பேசுகிறவரைப் பைத்தியக்காரன் என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

கோவிந்தன் வழக்கு உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தது பாதிதான்.

வடஆற்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்குகிறவர்கள், முதல் ஷிப்டில் காலடியில் கிடக்கும் ஒரு துண்டுக் கல்லைக் கொண்டுவந்து, மஞ்சள் குங்குமம் பூசி விளக்கருகே வைப்பார்கள். பூமாதேவியை மிதித்ததற்கு மன்னிப்பு. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாதிக்கு மேல் அந்தக் கல் இருந்தது. ஆனால் சுரங்கச் சட்டமோ, சுரங்கத்துக் கல் யார் வீட்டில் அகப்பட்டாலும் எப்படி வந்தது என்று அவனே நிரூபிக்க வேண்டும் என்றது. ஒரு திருட்டைத் தேடிப் போன தபேதார், கோவிந்தன் வீட்டு விளக்கருகே இருந்த கல்லை எடுத்தார். பொன் மினுங்குகிறதா என்று பார்க்க, அங்கேயே தண்ணீர் விட்டுக் கழுவினார். மினுங்கியது. கோர்ட்டுக்குப் போனது மஞ்சள் குங்குமம் இல்லாத வெறும் கல். ஆறு மாதம் சிறை. கோவிந்தன் மனைவி லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

போவதற்கு முன் அவள் ஸ்டேஷனுக்கு வந்தாள். அழவில்லை. "கல்லுல மஞ்ச இருந்துச்சேங்க, அது எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

தபேதார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள், தடயத்தைத் தானே கழுவி அழித்ததாக மாஜிஸ்டிரேட்டுக்கு மனு எழுதச் சொன்னார். "தபேதார் பட்டை போயிடுங்க" என்றேன்.

"போவட்டும் ரைட்டரே. கழுவனவன் நான்தானே?"

அந்த மனுவால் இரண்டு மாதத்திலேயே கோவிந்தன் வெளியே வந்தான். சுரங்கம் அவனைத் திரும்பச் சேர்க்கவில்லை. பூதிகோட்டையில் கூலிக்கு ஏர் ஓட்டப் போனான். தபேதாரைச் சாதாரண கான்ஸ்டபிளாக இறக்கினார்கள். லைன் சனங்கள் மட்டும் கடைசிவரை தபேதார் என்றே கூப்பிட்டார்கள். அதன்பிறகு அவர் எந்தத் தடயப் பொருளையும் தூசிகூடத் தட்டாமல் துணியில் சுற்றினார். யாரிடம் வாக்குமூலம் வாங்கினாலும் கடைசியில், "இன்னும் சொல்றதுக்கு இன்னா கீது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். கேட்டுவிட்டு என்னை ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வை எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கும்.

சுடுகாட்டில் கோவிந்தன் நின்றிருந்தான். பூதிகோட்டையிலிருந்து நடந்தே வந்திருக்கிறான்.

"ரைட்டரய்யா, அன்னிக்கு 'சாமி கல்லுங்க'ன்னு மூணு வாட்டி சொன்னேன். நீங்க வாக்குமூலத்துல எழுதல."

என்னால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "எப்பத் தெரியும்?"

"கோர்ட்டுல அதப் படிச்சாங்களே, அப்பவே. வெளிய வந்ததும் தபேதார் கிட்ட சொன்னேன். 'எனக்கும் தெரியும். அவரே ஒரு நாள் சொல்லுவாரு, உடு'ன்னாரு."

எழுதாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எல்லாத் திருடனும் ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். கல் இருந்ததை ஒப்புக்கொண்டான் என்ற ஒரு வரி போதும் என்று நினைத்தேன். அந்த மனுவை என் கையாலேயே எழுதினேன். அதில் பழி முழுவதும் அவர் பெயரில் இருந்தது. என் பெயரைச் சேர்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் சேர்க்கவில்லை. அதன்பின் எத்தனை வருடம் என் எதிரிலேயே உட்கார்ந்து, நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தார்.

அவருடைய தடி யாரிடம் போயிற்றோ தெரியாது. வாக்குமூலத்தின் கடைசியில் அவர் கேட்கும் அந்தக் கேள்விதான் என்னிடம் இருக்கிறது. இன்னும் சொல்ல இருந்தது, தபேதாரே. நீங்கள் கேட்க இல்லாதபோது சொல்கிறேன்.