ஆறுமுகத்தாயின் செவ்வாய்க்கிழமை

தாயும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஸ்டவ்வுக்குத் திரி மாற்றியது. 1967, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தாராவி வீட்டு வாசலில் நம்பிராஜன் ஸ்டவ்வைக் கழற்ற, ஆறுமுகத்தாய் பழைய திரிகளை உருவிப் போட்டாள். அவன் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பத்துத் திரியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்றான்.

"ஏலே, சோறு பொங்குத அடுப்புக்கு ஸ்கேல் வச்சா அளப்பாவ?"

சிரித்துவிட்டு, ஆண்டாப் ஹில்லில் இருக்கும் சண்முகவடிவைப் பற்றிச் சொன்னாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தூக்கமில்லை. பிள்ளையை நீட்டினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். செத்துப்போகிறேன் என்றாள். மாமியார் பார்வதியம்மாள் வேப்பிலை அடித்துப் பார்த்திருந்தாள்.

ஆறுமுகத்தாய்க்கு அது தெரிந்த நோய். நம்பிராஜனுக்கு மூன்று வயதாகும்போது ஒரு தங்கை பிறந்தாள். அப்போது அவளும் அப்படித்தான் கிடந்தாள். ஊரில் நான்கு மாதம் பேயோட்டும் கோடாங்கி முன்னால் உட்காரவைத்தார்கள். தெளிந்து எழுந்தபோது குழந்தை உயிரோடு இல்லை. அதை மகனிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள்.

பம்பாய் வந்து பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவானாள். இதற்கும் டாக்டர் உண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் செவ்வாய்தோறும் பார்க்கிறார் என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். எட்டு வருஷத்தில் பதினோரு பெண்களை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். டாக்டர் இந்தியில் கேட்பதற்கெல்லாம் கூடவந்த மாமியார், "சப் டீக் ஹை", எல்லாம் சரியாக இருக்கிறது என்று முந்திக்கொள்வாள். அதனால் மாமியாரை மருந்து வரிசையில் இடம்பிடிக்க அனுப்பிவிட்டுத்தான் ஆறுமுகத்தாய் வாயைத் திறப்பாள்.

போன செவ்வாய் சண்முகவடிவைக் காட்டியாயிற்று. பிள்ளை பெற்ற பத்தியத்துக்குள் மாத்திரை சூடு என்று பார்வதியம்மாள் மறுத்தாள். "லேகியத்தோட குடுங்க மைனி, சூடு தணிஞ்சிரும்" என்றாள் ஆறுமுகத்தாய். பொய்தான். மாத்திரை உள்ளே போனது.

"நேத்து பிள்ளையைக் கேட்டு வாங்கினாளாம்ல. இப்பத்தான் பயம். தெளிஞ்சிட்டான்னு நிறுத்திப்புடுவாவ. நாளன்னைக்கு மறுபடி கூட்டிட்டுப் போவணும். டாக்டர் ஆளை நேர்ல பார்த்தாத்தான் மருந்து."

திங்கள் காலை, வார்டில் துணி அள்ளும்போது ஆறுமுகத்தாய் விழுந்தாள். மாரடைப்பு. வயது நாற்பத்தாறு. சாயங்காலமே எரித்துவிட்டார்கள்.

அன்று இரவே துக்கம் கேட்க வந்த பார்வதியம்மாளிடம் நம்பிராஜன், அம்மா வைத்திருந்த சண்முகவடிவின் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினான். அவள் கை நீட்டவில்லை.

"சாவு வீட்டுச் சாமானை எப்படிய்யா பிள்ளைக்காரி இருக்க எடத்துக்குக் கொண்டுபோவேன்? உங்க அம்மை போன சேதியையே அவகிட்ட சொல்லலை. சொல்லவும் கூடாது."

"மாத்திரை புதனோட தீருது அத்தை."

"அவ இப்ப நல்லாத்தான் இருக்கா. பதினாறு கழியட்டும்."

"நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"தீட்டோடயா? வாசல் மிதிக்காதே, ராசா."



மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, ஆண்டாப் ஹில்லில் சண்முகவடிவு தலை வாரி, பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒன்பது மணி பஸ்ஸுக்குக் கூட்டிப்போக ஆறுமுகத்தாய் வருவாள் என்று உட்கார்ந்திருந்தாள்.