கும்பளா பட்ட நாள்

2014 ஆகஸ்டில், தலவில அன்னம்மாள் கோவில் திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை, என் அக்கா அனஸ்தாசியாவின் கணவர் கில்பட் குடியை விடுவதற்காக எங்கள் ஊர் எத்தாளையிலிருந்து பஸ் ஏறினார். சிலாபத்துக்கு அப்பால் ஒரு மறுவாழ்வு நிலையம். அக்கா பஸ் வரைக்கும் போகவில்லை.

"இனி ஒருக்காக் குடிச்சா நானும் டிலுக்ஷியும் இந்த வீட்டில இல்ல" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். டிலுக்ஷி அவர்களின் ஒரே மகள்.

ஐந்து வருடம் வெளிநாட்டு ஹோட்டல்களில் வேலை செய்துவிட்டு நான் அப்போதுதான் வந்திருந்தேன். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நத்தார்ப் பண்டிகைக்குக் கில்பட் அத்தான் திரும்பி வந்ததும், மறுபடி குடிப்பாரோ என்ற பயத்தில் வீட்டில் எல்லோருக்கும் அப்படியே ஆகிவிட்டது. அவர் முன்னால் சண்டை போடமாட்டோம். அவருடைய தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்ததைக்கூட அவரிடம் மறைத்தோம். மனுஷன் கோபத்திலும் கவலையிலும்தான் குடிப்பான் என்று நம்பினோம். அவரும் அப்படித்தான் நம்பினார். கோபம் வந்தால் எழுந்து நடக்கச் சொல்லி நிலையத்தில் பழக்கியிருந்தார்கள். பாதி நாள் கடற்கரையில் நடந்துகொண்டேயிருந்தார்.

தை மாதம் ஒரு காலை கும்பளா மீன் கூட்டமாக வலையில் பட்டது. கூட்டத்தை முதலில் கண்டவர் அத்தான். எங்கள் கரையில் அப்படிக் கண்டவனுக்குத்தான் முதல் கிளாஸ். அவன் வாய் வைக்காமல் மற்றவர்கள் தொடமாட்டார்கள். வள்ளத்துச் சொந்தக்காரர் சாள்ஸ் சாராயத்தை ஊற்றி நீட்டினார். நான் பாணும் சம்பலும் கொண்டுபோய் அங்கே நின்றேன்.

"பிடி மச்சான். நீ குடிக்காட்டி நாங்களும் தொண்டை காஞ்சு சாகோணும்."

"வேணாம்."

"சுவாமியாரா வந்திருக்கிறாரடா! இனிப் பாவசங்கீர்த்தனமும் கேப்பார்!" என்று வலை இழுத்தவர்களில் ஒருவன் கத்தினான்.

கிளாஸ் அவர் கைக்குப் போனது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மணலில் வைத்தார். தன் மீன் பங்கையும் விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் ஓடினார்.

நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அக்கா அவர் தாடையைப் பிடித்து வாயை முகர்ந்து பார்த்தாள். சாராய மணம் இல்லை.

"குடிக்கேல்ல. ஆனா குடிக்கோணும் போல கிடக்கு."

"ஆரும் ஏதும் சொன்னாங்களா?"

"இல்லயடி, சந்தோஷமா இருக்கு. கோவம் வந்தா நடக்கச் சொன்னாங்க. இதுக்கு என்ன செய்யிற?"

அக்கா அவரைக் கதிரையில் இருத்தினாள். "மீனை எப்பிடிக் கண்டீங்க? சொல்லுங்க."

சொன்னார். முடிந்ததும் மறுபடி கேட்டாள். மத்தியானம் வரைக்கும் அதே கதை.

"அப்பா, முதல் சொன்னதவிட இப்ப மீன் கூடிட்டுது" என்றாள் டிலுக்ஷி.

குடிக்கவேண்டும் என்ற ஆசை மெல்ல அடங்கியது.

நான் மறுபடி வெளிநாடு போய், மறுபடி வந்து, புத்தளத்தில் வேலை தேடி அலைந்தபோது, மூன்று வருடம் கழித்து, அத்தானிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

"நிலானி, டிலுக்ஷி சோதினை பாஸ். சந்தோஷத்தில நேத்து குடிச்சிட்டன். அக்காட்ட நானே போய்ச் சொன்னன். அவ குசினியில சமைச்சுக்கொண்டு நிக்கிறா. இன்னும் பை கட்டேல்ல."